எங்கள் தெருவுக்குத் தேர் வருவதில்லை. அதைக் கேட்டால் கோயிலுக்குக் களங்கமா?

கேட்டவர் தமிழ்நாட்டில் ஒரு கிராமப் பங்கைச் சேர்ந்த, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கீழ் வரும் ஊரைச் சேர்ந்த, தலித் இளைஞர். அவர் சொன்னதன் சுருக்கம் இது. ஊரில் கத்தோலிக்கருக்கு ஒரே கோயில், ஒரே பங்குச் சாமியார். ஞாயிறு பூசையில் யாரும் எங்கும் உட்காரலாம். ஆனால் திருவிழா வரியை அவர்கள் தெருவில் மட்டும் வாங்குவதில்லை. வரி கொடுக்காததால் விழாக் கமிட்டியில் இடமில்லை. தேர் அவர்கள் தெருமுனைவரை வந்து திரும்பிவிடும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு வேலி ஓடுகிறது. இதைக் கேட்கலாம் என்று இளைஞர்கள் கிளம்பினால், வீட்டுப் பெரியவர்களே "கோயில் பெயரைக் கெடுக்காதீங்க, செபம் பண்ணுங்க, காலம் மாறும்" என்கிறார்களாம். கேட்பது சரியா, சரியென்றால் எங்கே தொடங்குவது, பேசாமல் தனிப் பங்கு கேட்டுப் பிரிந்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

கேட்பது சரி. கேட்காமல் விட்டதுதான் இத்தனை காலம் நடந்த தவறு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், தேர் வருகிற தெருவில் பிறந்தவன் நான். 20 ஆண்டுகளுக்கு மேல் பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் இருந்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

பதினாறு வயதில் திருவிழா இரவுகளில் தூபக்கலசம் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பேன். கடைசித் தெரு முடிகிற இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. அங்கேதான் தேரைத் திருப்புவார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் மெழுகுதிரி ஏற்றி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மணிக்கணக்காகக் காத்து நிற்கும். மாதாவின் முகம் அவர்கள் பக்கம் தெரிவது, தேர் திரும்புகிற அந்த இரண்டு மூன்று நிமிடம் மட்டும்தான். அதற்குள் உப்பும் மிளகும் பூவும் எறிந்து, கும்பிட்டு முடித்துவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் நிற்பான். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் கேட்டான்: "எங்க தெருவுக்கு வரமாட்டேன்னு மாதா சொன்னாங்களா, இல்ல நீங்க கூட்டிட்டு வர மாட்டேங்கிறீங்களா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதைவிட, அந்தக் கேள்வி அதுவரை எனக்கே தோன்றவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

சரி, களங்கம் என்ற பேச்சுக்கு வருவோம். இதை முதலில் வெளியே சொன்னவர்கள் நீங்கள் அல்ல. இந்திய ஆயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. நாட்டில் உள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதிலேயே இருக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் நடக்கின்றன, தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்று ஆயர்கள் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதற்கும் 13 ஆண்டுகளுக்கு முன்பே, 2003 நவம்பரில், ரோமைக்குப் போன தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதைப் பேசினார். கிறித்தவர்களுக்கு இடையில் சாதி அடிப்படையிலான பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம், நற்செய்திப் பணிக்கே தடை என்பது அவர் பேச்சின் சாரம். போப்பாண்டவர் சொன்னதைப் பங்கில் ஒரு இளைஞன் சொன்னால் அது எப்படிக் களங்கமாகும்? உங்கள் பெரியவர்களிடம் இதை அப்படியே கேளுங்கள். ஆனால் பணிவாகக் கேளுங்கள். அவர்கள் பயம் வெறும் பயமல்ல, பட்ட அனுபவத்தில் வந்தது.

அடுத்து, சாதி ஒரு பங்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும். பலர் பார்க்கத் தவறுவது இங்கேதான். நற்கருணை வரிசையில் அது இல்லை, மறையுரையிலும் இல்லை. அதனால்தான் "எங்க கோயில்ல சாதியே கிடையாது" என்று மனசாரச் சொல்ல முடிகிறது. அது இருக்குமிடம் வரி நோட்டு.

கலியாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கொடுத்தவர்தான் 'ஊர்'. கொடியை யார் தூக்குவது, எந்த நாள் மண்டகப்படி யாருக்கு, தேர் எந்த வழியாகப் போவது, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, மீதிப் பணம் யார் கையில் என்பதையெல்லாம் அந்த 'ஊர்'தான் தீர்மானிக்கும். வரி வாங்காத தெருவிடம் யாரும் "உங்களைச் சேர்க்க மாட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், சும்மா வந்து கும்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். சலுகை மாதிரி இருக்கும். அந்த ஒரு வரியில் ஒரு தெரு முழுக்க ஊரிலிருந்து நீக்கப்பட்டுவிடுகிறது. கோயிலுக்குக் காணிக்கை போடலாம், உண்டியலில் போடலாம், பூசைக்குப் பணம் கட்டலாம். வரி மட்டும் கட்ட முடியாது. ஏனென்றால் வரி கட்டினால் பேச்சுரிமை வந்துவிடும்.

இதைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோனால் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம்: "அது ஊர் விஷயம், நான் தலையிட முடியாது." விழாக் கமிட்டியின் கணக்குப் பங்குக் கணக்கில் சேராமல் தனியே நிற்பதற்கும் இதுதான் காரணம். கோயில் திருச்சபைக்கு, திருவிழா ஊருக்கு என்று ஒரு பாகப்பிரிவினை எழுதப்படாமல் நடந்திருக்கிறது. சாமியார் சில வருடங்களில் மாறிப் போய்விடுவார், கமிட்டி அங்கேயே இருக்கும். நான் பேரவையில் இருந்த காலத்தில் ஒரு பங்குத்தந்தை இதைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த திருவிழாவில் தேர் எல்லாத் தெருவுக்கும் போகும் என்று பூசையில் அறிவித்தார். மறுவாரமே சில வீடுகள் காணிக்கையை நிறுத்தின. ஆயரிடம் மனு போனது. கொடியேற்றத்துக்கு முன்பே அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் வந்த முதல் வாரத்திலேயே "மெதுவா போவோம்" என்றார். அந்த மனுவில் கையெழுத்துப் போட நான் மறுத்தேன். ஆனால் எதிர்த்து ஒரு மனு எழுதவில்லை. அப்படி ஒரு மனு ஆயர் மேசைக்குப் போயிருந்தால் அவர் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

காலம் மாறும் என்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி சன்னியாசி வேடம் பூண்டு, மேல்சாதியாரின் வழக்கங்களை ஏற்றுக்கொண்டு மறைபரப்பினார். தமிழுக்கு அவர் செய்தது பெரிய தொண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் வழியைப் பின்பற்றிய மதுரை மிஷனில், உயர்த்தப்பட்ட சாதியாருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமிகள் என்று பணியே இரண்டாகப் பிரிந்தது. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள்ளும் குருக்கள் போய் அருளடையாளங்களை, அதாவது திருச்சபையின் புனிதச் சடங்குகளை, நிறைவேற்ற வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரு குரு ஒரு நோயாளியின் வீட்டுக்குள் போக வேண்டும் என்பதற்கு ரோமையின் ஆணை தேவைப்பட்டிருக்கிறது! அதையும் செய்ய முடியாது என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் கண்டிப்பாக முடிவு சொன்ன பிறகும், அந்த மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கித்தான் சமாளித்தார்கள். ஆக, சாதி எங்கோ வெளியிலிருந்து கோயிலுக்குள் தானாக நுழைந்து வந்ததல்ல. இடம் ஒதுக்கிக் கொடுத்து உட்கார வைத்தோம். உட்கார வைத்தவர்கள்தான் எழுப்பவும் வேண்டும்.

எழுப்ப முடியும் என்பதற்கு வடக்கன்குளம் சாட்சி. திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், 19ஆம் நூற்றாண்டில், கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்களோடு ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று. ஒரு கூடத்தில் வெள்ளாளர் முதலிய சாதியார், இன்னொன்றில் நாடார். நடுவில் சுவர். 1910இல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை எடுத்துவிட்டார். பாளையங்கோட்டையில் இருதய சகோதரர்கள் சபையை நிறுவினாரே, அதே இயேசு சபைக் குரு. தங்கள் இடம் பறிபோனது, சுவரை மறுபடி எழுப்ப வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தீட்டு என்ற கருத்துக்குக் கிறித்தவ சமயத்தில் இடமில்லை, கோயிலுக்குள் தனியிடம் கோருவது உரிமையாகாது என்று தீர்ப்பு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, காலம் வந்து அந்தச் சுவரைத் தள்ளவில்லை. ஒரு குரு தள்ளினார், மேலிடம் பின்வாங்கவில்லை, நீதிமன்றமும் உறுதியாக நின்றது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிவாரியாகப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி நம் காலம் வரைக்கும் போராட்டம் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, தனிப் பங்கு. இதைப் பற்றிப் பேசும்போது எறையூரை நினைக்காமல் இருக்க முடியாது. இப்போதைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் உள்ள பழைய பெரிய பங்கு அது. அங்கே தலித் கத்தோலிக்கருக்குத் தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி. இறந்தவரைக் கோயிலுக்குக் கொண்டுவரப் பொதுப் பாதையில் வரக்கூடாது. பொறுத்துப் பார்த்துவிட்டு, சகாயமாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் மீது வன்னியர் கிறித்தவர்களின் தாக்குதல் நடந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்ற நம் ஆட்கள்தான். அந்தச் செய்தியைப் படித்த நாளில் நான் அழுதேன்.

தனிப் பங்கு கேட்பவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். தினம் தினம் அவமானப்படுகிறவரிடம் ஒற்றுமைக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் உரிமை, என் தெருவில் பிறந்த யாருக்கும் கிடையாது. ஆனால் உங்கள் ஊர் நிலைமைக்கு, அதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாம் என்பேன். பங்கை உண்டாக்கவும் பிரிக்கவும் அதிகாரம் ஆயருக்கு மட்டும்தான். பிரிவினை நடக்கும்போது பழைய கோயில், பள்ளிக்கூடம், நிலம், கடை வாடகை, கல்லறை பெரும்பாலும் பழைய தரப்பிடமே தங்கிவிடும். உங்கள் பாட்டன்கள் கல் சுமந்து கட்டிய கோயிலை விட்டு வெறுங்கையோடு வெளியேறுவது நீங்களாக இருப்பீர்கள். இன்று வேலியாக இருப்பது நாளை ஆயரின் முத்திரையோடு எல்லைக்கோடாகிவிடும். வேறு வழியே இல்லாமல் அப்படிப் போக நேர்ந்தால், சொத்தில் என்ன பங்கு, கல்லறையில் என்ன உரிமை என்பதை எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள்.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? திருச்சபையின் சொந்தச் சட்டத்திலிருந்து. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பை நம் ஊர்களில் யாரும் புரட்டுவதில்லை, குருக்களுக்கு மட்டுமானது என்று நினைக்கிறார்கள். அதில் பொதுநிலையினருக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் மாண்பில் உண்மையான சமத்துவம் உண்டு என்கிறது 208ஆம் சட்டம். தங்கள் தேவைகளையும் கருத்துகளையும் மேய்ப்பர்களிடம் சொல்லும் உரிமை, சில வேளை கடமை, உண்டு என்கிறது 212. கோயில் என்பதற்கு 1214 கொடுக்கும் விளக்கத்திலேயே, விசுவாசிகள் நுழைய உரிமையுள்ள இடம் என்று இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287.

இந்தக் கடைசிச் சட்டம்தான் உங்கள் கையில் உள்ள நல்ல கருவி. "எங்களை மதியுங்கள்" என்று கேட்டால் "யாருங்க மதிக்கல?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். "திருவிழா வரவுசெலவு பங்கின் நிதிக்குழு வழியாக வர வேண்டும், எல்லாத் தலைக்கட்டிலும் வரி வாங்க வேண்டும், ரசீது தர வேண்டும், கணக்கைக் கோயில் பலகையில் ஒட்ட வேண்டும்" என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். இதில் இன்னொரு நன்மை உண்டு. தேர்த் தெருக்களிலும் கமிட்டியின் கணக்கு தெரியாமல் மனம் புழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழை வீடுகள், கைம்பெண்கள், வெளியூர் போய்விட்ட பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் அதில் அடக்கம். கணக்கு என்ற பெயரில் அவர்கள் உங்களோடு வருவார்கள். சமத்துவம் என்ற பெயரில் வரத் தயங்குகிறவர்களும் வருவார்கள்.

கோரிக்கையை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எழுதி, பங்குத்தந்தையிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால் ஆயரிடம் முறையிடலாம், ஆயர் மறுத்தால் ரோமைவரை போகலாம். முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து முறையீட்டுக்கு 15 நாள்தான் கெடு. மூன்று மாதம் பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கொண்டு மேலே போக 57ஆம் சட்டம் வழி விடுகிறது. பெரும்பாலான மனுக்கள் தேதியில்லாமல், முத்திரையில்லாமல், நூறு கையெழுத்தோடு ஓர் அலமாரியில் தூங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அன்பியங்களையும் கொஞ்சம் பாருங்கள். குடும்பங்கள் கூடிச் செபிக்கும் இந்தச் சிறு குழுக்கள் நல்ல ஏற்பாடு. ஆனால் தெருவாரியாகப் பிரித்தால் அன்பியமும் சாதிவாரியாகிவிடுகிறது, தெருவே சாதிவாரியாக இருப்பதால். இரண்டு தெருக்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்று எல்லையை மாற்றி வரையச் சொல்லுங்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து செபமாலை சொல்லி, காப்பி குடித்து எழுந்தால் நடக்கிற மாற்றம், நூறு மறையுரையில் நடக்காது. பெண்கள் முதலில் ஒத்துக்கொள்வார்கள், என் அனுபவம் அது. அதற்காகவே ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் பேரவைக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வர வேண்டும் என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் ரோமையில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இத்தகைய பேரவைகள் கட்டாயமாக வேண்டும் என்றும், பொறுப்பில் இருப்போர் கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை அப்படியே ஏற்று வெளியிட்டார். இதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கல்லறைக்கு ஓர் எளிய வழி உண்டு. பழைய கல்லறைகளைத் தொட வேண்டாம், வேலியையும் முதல் நாளே பிடுங்க வேண்டாம். இந்தத் தேதியிலிருந்து இறப்பவர்களைத் தெரு பார்க்காமல், இறந்த வரிசைப்படி அடுத்தடுத்த குழியில் அடக்கம் செய்வோம் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு பங்கில் இப்படித்தான் தொடங்கினார்கள். முதல் இரண்டு சாவில் சச்சரவு வந்தது, பங்குத்தந்தை கல்லறை வாசலில் நின்றுகொண்டார். அப்புறம் யாரும் பேசவில்லை. இப்போது அங்கே வேலி துருப்பிடித்து விழுந்து கிடக்கிறது, எடுத்துக் கட்ட ஆளில்லை.

நாட்டின் சட்டத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பலர் தவறான சட்டத்தைச் சொல்லி ஏமாறுகிறார்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். எனவே அந்தச் சட்டம் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படியல்ல. அது தீண்டாமை என்ற செயலைத் தண்டிக்கிறது. வழிபாட்டு இடம், இடுகாடு, பாதை, சமய ஊர்வலம் ஆகியவற்றில் தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பட்டியல் சாதியினருக்கு அதில் உள்ள சாதகமான அனுமானம் உங்களுக்கு இல்லை, அதனால் தீண்டாமைதான் காரணம் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். கடிதங்களைத் தேதியோடு வைத்திருக்கச் சொன்னது இதற்கும் உதவும். காவல் நிலையத்துக்கு முதலில் போகச் சொல்லவில்லை. போக வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது வேறு, தெரியாமல் கெஞ்சுவது வேறு.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று திருச்சபை பல பத்தாண்டுகளாகக் கேட்கிறது. 2007இல் மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் அந்தத் தகுதியிலிருந்து மதத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. நியாயமான கோரிக்கை, நானும் ஊர்வலங்களில் நடந்திருக்கிறேன். ஆனால் 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது என்ன? சாதி தொடர்கிறது என்று சொன்னால் போதாது, பழைய சமூகத்தில் பட்ட கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது. அதாவது டெல்லியில் "எங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது" என்று நிரூபிக்க வேண்டிய அதே திருச்சபை, பங்கில் "சாதியே இல்லை, வாயை மூடு" என்று சொல்ல முடியாது. வேலி இருப்பது உண்மையென்றால், அதை அரசாங்கத்திடம் சொல்லும் நாளிலேயே நாமும் பிடுங்கத் தொடங்க வேண்டும்.

வேலைவாய்ப்பும் இதில் சேர்ந்ததுதான். சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு மாணவர் சேர்க்கை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தருகிறது. அரசு உதவி பெறும் நம் பள்ளிகளில் சம்பளம் அரசாங்கத்துடையது, ஆளைத் தேர்ந்தெடுப்பது மறைமாவட்டமோ துறவற சபையோ. ஆக ஒரு தலித் கத்தோலிக்கப் பெண், அரசிடம் போனால் பட்டியல் சாதி இடம் இல்லை, தன் திருச்சபையின் பள்ளிக்குப் போனால் சிபாரிசு இல்லை. தமிழக ஆயர் பேரவை தலித் மக்களுக்காக வகுத்த 10 அம்சத் திட்டம் போன்றவை பேச்சளவில் இதைத் தொட்டன. உங்கள் மறைமாவட்டப் பள்ளிகளில் கடந்த பத்தாண்டில் யார் யார் பணியில் சேர்ந்தார்கள் என்று ஆயரிடம் பணிவாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் லத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த 18 மறைமாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை ஆயர்கள் உங்கள் தெருவைப் போன்ற தெருவிலிருந்து வந்தவர்கள் என்பது இதன் அடுத்த கேள்வி. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் பூலா அந்தோணி கர்தினால் ஆனபோது, தலித் மக்களிலிருந்து வந்த முதல் கர்தினால் என்று உலகமே எழுதியது. கிறித்தவம் இங்கே வந்து எத்தனை நூற்றாண்டு ஆன பிறகு என்று நினைத்துப் பார்த்தேன். மகிழ்ச்சியும் வருத்தமும் ஒன்றாக வந்த நாள் அது.

திருவிழாவுக்கு இன்னும் நான்கு மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வரி நோட்டு திறக்கும் ஞாயிறு எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அன்று உங்கள் தெருவிலிருந்து பத்துத் தலைக்கட்டாவது பணத்தோடு போய் ரசீது கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேர் வருகிற தெருவில், இது தப்பு என்று தெரிந்தும் பேசாமல் இருக்கும் ஒருவராவது இருப்பார். உங்களோடு படித்தவராகவோ, பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவராகவோ இருக்கலாம். என் தோழன் என்னிடம் கேட்டதை அவரிடம் போய்க் கேளுங்கள். வரி நோட்டின் முன்னால் உங்கள் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா என்றும் கேளுங்கள்.